அண்ணன் எடுத்த நிச்சயதார்த்தக் கேசட்

எங்கள் பெரியம்மா வீட்டுத் தலையணை ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலையில் ஓட்டை இருக்கும். எலி கடித்துவிட்டது என்று விருந்தாளிகளிடம் சொல்வார்கள். அந்த எலி என் அண்ணன்தான்.

பெரியம்மாவின் மூத்த மகன். தேங்காய் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி லாரியில் போடுகிற உடம்பு. ஆனால் அடுப்பில் குக்கர் விசில் அடித்தால் தோப்பைத் தாண்டி ஓடிவிடுவான். பஸ் ஹாரன், மிக்சி, குழாய் ஸ்பீக்கர், பக்கத்து வீட்டுக்காரியின் சிரிப்பு, எதுவும் அவனுக்கு ஆகாது. அதனால் தலையணைக்குள் விரலை விட்டு இலவம்பஞ்சை உருவி, உருட்டி, காதில் அடைத்துக்கொள்வான். வரவர பெரியப்பா வெறும் உறையில்தான் தலைவைத்துப் படுத்தார்.

"எந் தலகாணி பூராம் எம் மகன் காதுக்குள்ள இருக்குடா" என்பார்.

அண்ணன் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டான். நாம் பேசினால் நம் காலைப் பார்த்துக் கேட்டுக்கொள்வான். நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "செருப்பு வார் தேஞ்சுருச்சு" என்பதுதான் அவன் எனக்குச் சொல்லும் 'வா தம்பி.' ஊரில் அவனை 'ஒரு மாதிரி' என்பார்கள். எந்த மாதிரி என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. பெரியம்மா அவனைக் கோயில் கோயிலாகக் கூட்டிப்போய் மந்திரித்த கயிறு கட்டினாள். மணியும் மேளமும் கோயிலில்தான் அதிகம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு கோயிலிலும் அவன் ஓட, இது சாமிக்கு அடங்காத கோளாறு என்று அடுத்த கோயிலுக்குக் கிளம்புவாள்.

நான் அப்போது உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் கேமரா பிடித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை என்னை வேண்டாம் என்று சொன்ன பிறகு, கல்யாண வீடுகள்தான் என்னை வாவென்று கூப்பிட்டன. கல்யாணமெல்லாம் இன்னும் கேசட்டில் ஓடிக்கொண்டிருந்த காலம். தோளில் கேமராவைத் தூக்கி லைட்டைப் போட்டால், சோற்றை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நிற்கும். லைட் நகர்ந்தால்தான் சோறு உள்ளே போகும். பிடிக்காத ஆள் பந்தியில் உட்கார்ந்தால் நான் லைட்டை வேண்டுமென்றே அங்கேயே வைத்திருப்பேன். பாவம், பாயசம் ஆறிப்போகும்.

இந்தச் சமயத்தில்தான் அண்ணனின் தங்கச்சிக்கு வரன் வந்தது. எனக்கும் தங்கச்சிதான். மாப்பிள்ளை வீடு வருசநாட்டுப் பக்கம். சொந்தமாக இலவந்தோப்பு. பெண் பார்க்க வந்த அன்றைக்கு அண்ணன் மாப்பிள்ளையின் காலைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"எம்புட்டு மரம்?"

"நெறைய இருக்கு மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

அண்ணன் தலையை ஆட்டினான். அவனைப் பொறுத்தவரை அப்போதே நிச்சயம் முடிந்துவிட்டது.

ஆனால் காதில் பஞ்சோடு ஒரு ஆள் சுவரைப் பார்த்து நின்றால் வந்தவர்கள் கேட்கத்தானே செய்வார்கள்? மாப்பிள்ளையின் தாய்மாமா கேட்டார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொண்டை. பெரியம்மா பதறிப்போய் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"அவனுக்குக் காது கொஞ்சம் மந்தம்ண்ணே. மத்தபடி தங்கம்."

இப்படியாக, எட்டு வீடு தள்ளித் தேங்காய் விழுந்தால் கேட்கிறவன் செவிடனாகிப்போனான். தாய்மாமா நல்ல மனிதர். பாவம், காது கேட்காதவன் ஆயிற்றே என்று அவன் காதுக்குள்ளேயே வாயை வைத்து, "தம்பீ! சொகமா இருக்கியா!" என்று ஒரு கத்துக் கத்தினார். அண்ணன் தோப்பைத் தாண்டி, வாய்க்காலையும் தாண்டி ஓடினான்.

"வெக்கப்படுறான்" என்றாள் பெரியம்மா.

எங்கள் பக்கத்தில், மாப்பிள்ளை அழைப்பின்போது பெண்ணின் கூடப்பிறந்தவன்தான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டுப் பந்தலுக்குக் கூட்டிவர வேண்டும். மேளம் முழங்க. அந்த 'மேளம் முழங்க' என்பதில்தான் சிக்கல். வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசி, அண்ணனுக்குப் பதில் நான் போடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. அவன் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். அவனுக்குத்தான் காது மந்தமாயிற்றே!

மறுநாள் என்னைத் தேடி ஸ்டுடியோவுக்கே வந்தான். ஊர் சின்னமனூரிலிருந்து பஸ்ஸில் வராமல் நடந்தே வந்திருந்தான்.

"மாலைய நாந்தான் போடுவேன்."

"போடுண்ணே. மேளம் அடிப்பாகளே?"

"நாந்தான் போடுவேன். எந் தங்கச்சி."

அவ்வளவுதான். திரும்பி நடந்தே போய்விட்டான். வேறு எந்த விஷயத்துக்காகவும் அவன் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு தூரம் நடந்ததில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு நான்தான் கேமரா. வீட்டு வேலை என்பதால் முதலாளி பாதிக் கூலிக்குக் கேமராவைக் கொடுத்திருந்தார். தாம்பூலத் தட்டு மாற்றுகிற நேரத்தில் பெரியப்பா கூப்பிட்டார்.

"ஏலே, இங்கன வா. பொண்ணுக்கு அண்ணன் மொறைக்கு ஆள் நிக்கணும்."

"கேமராவ யாரு பிடிக்கிறது பெரியப்பா?"

"அத எங்கனயாச்சும் வச்சுட்டு வாடா!"

வைக்க இடம் தேடினேன். தூணோரமாக அண்ணன் நின்றுகொண்டிருந்தான். அவன் நிற்க வேண்டிய இடத்துக்கு நான் போகிறேன், நான் நிற்க வேண்டிய இடத்தில் அவன் நிற்கட்டுமே என்று கேமராவை அவன் தோளில் வைத்தேன்.

"அண்ணே, செவப்புப் புள்ளி எரியுது பாரு. அது எரியிற வரைக்கும் ஓடும். நீ சும்மா பிடிச்சுக்க."

அவன் சும்மா பிடிக்கவில்லை. நான் தட்டு மாற்றி, சந்தனம் பூசி, இரண்டு பந்தியில் சாப்பிட்டு வந்து கேட்டபோதும் கேமராவைக் கொடுக்கவில்லை. மைக்கைச் சுற்றி இலவம்பஞ்சை வைத்து ரப்பர் பேண்டு போட்டிருந்தான்.

"என்னண்ணே இது?"

"அதுக்கும் காது வலிக்கும்ல."

மறுநாள் ஸ்டுடியோவில் கேசட்டைப் போட்டுப் பார்த்தோம். என்னைச் சுற்றி உலகமே சுற்றியது. முழு முகம் என்று ஒன்றுகூட இல்லை. ஃபேன் சுற்றியது, வெகுநேரம். அப்புறம் கால்கள். பித்தவெடிப்புக் கால், மெட்டி போட்ட கால், மருதாணிக் கால், வேட்டிக்குக் கீழே சொறிந்துகொள்கிற கால். அப்புறம் டம்ளரில் ஆடுகிற தண்ணீர். மறுபடி ஃபேன். சத்தமெல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஏலே, இது நிச்சயதார்த்தமா, செருப்புக் கட வெளம்பரமா?"

"மொதலாளி, மிக்ஸிங்ல சரி பண்ணிருவேன்."

பண்ணினேன். கால்களைச் சுற்றி ரோஜாப்பூ கொட்டவைத்தேன். பித்தவெடிப்புக் காலை இதய வடிவத்துக்குள் அடக்கினேன். ஃபேனை ரெண்டாகப் பிரித்து, அந்தப்பக்கம் ஒன்று இந்தப்பக்கம் ஒன்றாகச் சுற்றவிட்டு, அடியில் ஒரு காதல் பாட்டைப் போட்டேன். ரெண்டு ஃபேனும் காதலிப்பதுபோலவே இருந்தது. எனக்கே பெருமையாகிவிட்டது.

அண்ணன் வந்து பார்த்தான். பாட்டு ஆரம்பித்ததும் வெளியே போய்விட்டான். பாட்டை நிறுத்தியதும் வந்தான்.

"பூவ எடு."

"அண்ணே, நல்லாருக்குண்ணே."

"அன்னைக்குப் பூ கொட்டல. பாட்டுப் பாடல. எனக்கு இப்பிடித்தான் இருந்துச்சு. எடு."

"இப்பிடியே காமிச்சா மாப்ள வீட்டுக்காரக என்ன நெனப்பாக? காது மந்தம்னு சொல்லி வச்சுருக்கு பெரியம்மா. குட்டு ஒடஞ்சா கல்யாணமே நின்னுரும்."

அவன் என் செருப்பைப் பார்த்துச் சொன்னான்.

"நிக்காது. அவுக பாக்கட்டும். பாத்தா தெரியும். அப்பறம் நான் மாலை போடுறேன்."

அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வாயில் வந்த கேலியை விட்டுவிட்டு மிக்ஸிங் மேஜைக்குப் போனேன். நான் கேலியை விடுவது அபூர்வம். பூவை எடுத்தேன், இதயத்தை எடுத்தேன். ஃபேன் ஜோடியைப் பிரிக்கத்தான் மனசே வரவில்லை, பாட்டோடு சேர்த்து அதையும் பிரித்தேன்.

நிச்சயதார்த்தக் கேசட் வந்துவிட்டால் ரெண்டு வீட்டாரும் கூடி உட்கார்ந்து பார்ப்பது அப்போது ஒரு சடங்கு மாதிரியே ஆகியிருந்தது. யார் முகம் எத்தனை தரம் வருகிறது, யாரை விட்டுவிட்டார்கள் என்பதில் சம்பந்திச் சண்டைகள் மூண்டதுண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருசநாட்டிலிருந்து ஒரு வேன் வந்து இறங்கியது. பெரியம்மா முற்றத்தில் டிவியைத் தூக்கி வைத்து, கேசட் போடும் டெக்குக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தாள். கேசட்டில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நான் வாசலை ஒட்டி, ஓடுவதற்கு வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

படம் ஓடியது. ஃபேன்.

எல்லாரும் மரியாதையாக ஃபேனைப் பார்த்தார்கள். பெயர் போடுவதற்கு முன்னால் இப்படி ஏதாவது காட்டுவார்கள் என்று நினைத்திருப்பார்கள். சுண்டல் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"நல்ல ஃபேனு" என்றார் தாய்மாமா, கடைசியில். "என்ன வெல?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள். நான் சுண்டலைப் பார்த்தேன்.

கால்கள் வந்தன. திடீரென்று சம்பந்தியம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"ஏ ஆத்தா! இது எம் பித்தவெடிப்புல்ல?"

அவ்வளவுதான், முற்றமே பற்றிக்கொண்டது. "அந்தா, அது நம்ம சித்தப்பா. பெருவெரல் வளஞ்சுருக்குல்ல?" "இந்தப் பரதநாட்டியக் கால் யாருது?" "அது நிக்க முடியாம நின்னவுக. பாத்ரூம் எங்கனன்னு கேக்கக் கூச்சப்பட்டாகளே, எங்க அத்த!" முகத்தைக் காட்டியிருந்தால்கூட இப்படிச் சண்டை போட்டுப் பார்த்திருக்கமாட்டார்கள். காலுக்குப் பவுடர் போடவும், காலைச் சிரிக்கவைக்கவும் ஒருவருக்கும் தெரியாதே. கேமரா இருப்பது தெரியாமல் கால்கள் தம்பாட்டுக்கு இருந்தன.

அப்போதுதான் அது வந்தது. பாயின் ஒரு ஓரத்தில் மருதாணிக் கால். எங்கள் தங்கச்சி. கொஞ்சம் தள்ளி, பட்டுவேட்டிக் கரைக்குக் கீழே இன்னொரு கால். அந்தக் காலின் பெருவிரல் நத்தை மாதிரி ஊர்ந்து ஊர்ந்து மருதாணியை நோக்கிப் போனது. நின்றது. சுற்றுமுற்றும் பார்ப்பதுபோல் நிமிர்ந்தது. மறுபடி ஊர்ந்து, மருதாணிச் சுண்டுவிரலைத் தொட்டேவிட்டது.

"அட மூதேவி!" என்று சம்பந்தியம்மா மகன் முதுகில் ஒன்று வைத்தார். மாப்பிள்ளை துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே அடுப்படியில் தங்கச்சி பாத்திரத்தைக் கீழே போட்டாள். ரெண்டு வீடும் சிரித்துப் புரண்டது.

சிரிப்பு ஓய்வதற்குள் டிவியில் ஒரு மீசை வந்தது. தாய்மாமாவின் மீசை. அது பெரிதாகி, பெரிதாகி, கடைசியில் வாய் மட்டும் ஆனது. வாய் திறந்தது. பஞ்சு சுற்றிய மைக்கிலேயே அந்தக் குரல் டிவியைக் கிடுகிடுக்கவைத்தது.

"தம்பீ! சாப்ட்டியா!"

படம் குலுங்கியது. அதே நேரம் மேளம் ஆரம்பித்தது. தரை ஓடியது, படிக்கட்டு ஓடியது, தோப்பு மண் ஓடியது. மோட்டார் ரூம் கதவு. பிறகு இருட்டு. சாக்குமூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டான் என்று எனக்குத் தெரியும். இருட்டில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது, ஓடிக் களைத்த மாட்டின் மூச்சுபோல. அவ்வளவு தூரத்திலும் மேளம் சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த இருட்டில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. மோட்டார் குழாயில் ஒழுகும் சொட்டு. சொட்டு திரண்டு, நின்று, விழுந்தது. அடுத்த சொட்டு. அதையே பார்த்துக்கொண்டிருந்தது கேமரா. மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது.

சம்பந்தியம்மா சுண்டலைக் கீழே வைத்தார். பெரியம்மா பக்கம் திரும்பினார்.

"காது கேக்காதுன்னு சொன்னீக?"

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"கேக்கும். ரொம்பக் கேக்கும்."

தாய்மாமா மெதுவாகத் திரும்பினார். "அப்ப நான் கத்துனது?"

"கேட்டுச்சு."

"நல்லாவே கேட்டுச்சா?"

"இன்னும் கேக்குது."

தாய்மாமா மீசையைத் தடவிக்கொண்டார். அதன் பிறகு அன்று முழுவதும் அவர் ரகசியம் பேசுவதுபோலத்தான் பேசினார். "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பதையே திருட்டுச் சரக்கு கேட்பதுபோல் கேட்டார்.

பெரியம்மா அழத் தயாரானாள். சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்து, "எதுக்கு மயினி பொய் சொன்னீக? எங்க வீட்ல மட்டும் எல்லாரும் நேராவா இருக்காக? எங்க வீட்டுக்காரரு பல்லிய பாத்தா அரிசி டிரம் மேல ஏறிக்கிருவாரு" என்றார். சம்பந்தி கூரையைப் பார்த்தார். பல்லி இல்லை. நிம்மதியாக உட்கார்ந்தார்.

அண்ணன் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, மாப்பிள்ளையின் காலைப் பார்த்துச் சொன்னான்.

"மாலைய நாந்தான் போடுவேன்."

"நீங்கதான் போடணும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை, துண்டை விலக்கி.

"மேளம்?" என்று தாய்மாமா கிசுகிசுத்தார். "மேளம் இல்லாம மாப்ளய அழைக்கிறதா? நாலு பேரு என்ன சொல்லுவாக?"

நான் புகுந்தேன். "மேளம் இருக்கட்டும் மாமா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். நான் நடுவுல வரப்புல நிக்கிறேன். அண்ணன் மாலையப் போட்டு மாப்ளய உள்ள கூட்டிட்டுப் போனதும் துண்ட வீசுறேன். அப்பறம் அடிச்சுக் கிழிக்கட்டும்."

என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் சொன்ன யோசனையைப் பெரியவர்கள் ஒத்துக்கொண்டார்கள். அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று மேளக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாழைக்குள் நின்றார்கள். வரப்பில் நான். இந்தப் பக்கம் பந்தல். மாப்பிள்ளை வந்து இறங்கினார். அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில், கையில் மாலையோடு நின்றான். கூட்டமே வாயை மூடிக்கொண்டிருந்தது. குழந்தைகளின் வாயைப் பெண்கள் பொத்தியிருந்தார்கள். ஒரு கல்யாண வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. மாலை மேலே எழும்பியது.

சித்திரை வெயில். எனக்கு வேர்த்துக் கொட்டியது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தேன்.

அவ்வளவுதான் செய்தேன். வாழைக்குள்ளிருந்து இடி இறங்கியது. காலையிலிருந்து காத்துக் கிடந்த கோபத்தையெல்லாம் சேர்த்து அடித்தார்கள். அடித்ததோடு நிற்காமல், கூப்பிட்டாச்சு என்று வாய்க்கால் பாலத்தைத் தாண்டி நடந்து வரவும் ஆரம்பித்தார்கள். நான் "வேண்டாம், வேண்டாம்" என்று துண்டை வீசினேன். அவர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள்.

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் கால் தோப்புப் பக்கம் திரும்பியது. பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டாள். நானே ஓடிப்போய் மாலையை வாங்கிவிடலாம் என்று வரப்பிலிருந்து இறங்கிவிட்டேன்.

அண்ணன் மாலையைத் தாய்மாமாவிடம் நீட்டினான். "பிடிங்க."

இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். பஞ்சு. ரெண்டு உருட்டினான், தன் காதில் வைத்தான். கிளம்பிவிடுவான் என்று பார்த்தால், இன்னும் ரெண்டு உருட்டினான். மாப்பிள்ளையின் அந்தக் காதில் ஒன்று, இந்தக் காதில் ஒன்று என்று தன் கையாலேயே அடைத்துவிட்டான். மாப்பிள்ளை கன்றுக்குட்டி மாதிரி தலையைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு அண்ணன் மாலையைத் திரும்ப வாங்கி, நிதானமாக அவர் கழுத்தில் போட்டு, கையைப் பிடித்துப் பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். பின்னாலேயே தாய்மாமா ஓடினார்.

"தம்பி, எனக்கும் ரெண்டு குடுப்பா."

அன்றைக்குத் தாலி கட்டும்போது பெரியவர்கள் "கட்டு, கட்டு" என்று கத்த, மாப்பிள்ளை "என்னாது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் தங்கச்சியே அவர் காலை ஒரு மிதி மிதித்தாள். கட்டிவிட்டார். முதலாளி எடுத்த கல்யாணக் கேசட்டில் எல்லா ஷாட்டிலும் மாப்பிள்ளை காதில் பஞ்சோடுதான் இருக்கிறார்.

ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் போட்டுக் காட்டுவது அண்ணன் எடுத்த கேசட்டைத்தான். அது எப்படியோ கைமாறி, சில வருசம் கழித்து உத்தமபாளையத்தில் ஒரு சின்ன ஹாலில் திரையேறியது. தங்கள் மனசுக்குள் நடப்பதைத் தாங்களே படமாக எடுத்தவர்களின் படங்களைப் போடுகிறோம் என்றார்கள் அதை நடத்தியவர்கள். மதுரை டாக்டர் ஒருவர் அண்ணனுக்கு இருப்பது ஆட்டிசம் என்று அதற்குள் பெயர் சொல்லியிருந்தார். 'ஒரு மாதிரி'க்கு ஒருவழியாக ஒரு பெயர் கிடைத்தது. வேனில் ரெண்டு குடும்பமும் போய் இறங்கினோம். படம் முடிந்ததும், ஜிப்பா போட்ட ஒருவர் எழுந்து, அண்ணனிடம் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"இந்தக் கால்கள் மூலமா நீங்க எதைச் சொல்ல வர்றீங்க?"

அண்ணன் அவர் செருப்பைப் பார்த்தான்.

"கால்" என்றான்.

மிக்ஸிங் செய்தவனும் பேச வேண்டும் என்று என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். கொடுத்திருக்கக் கூடாது. ரெண்டு ஃபேனின் காதலிலிருந்து ஆரம்பித்தேன். சம்பந்தியம்மாவின் பித்தவெடிப்பு, சம்பந்தியின் பல்லி, ஜிப்பாக்காரரின் ஜிப்பா என்று ஒன்றையும் விடவில்லை. மைக் நல்ல மைக். ஹால் அதிர்ந்தது. நான் நிறுத்துவதாக இல்லை.

முன்வரிசையில் மாப்பிள்ளை என்னைப் பார்த்துக்கொண்டே, பேசாமல் அண்ணன் பக்கமாகக் கையை நீட்டினார். அண்ணன் இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்து அவர் கையில் ரெண்டு உருண்டை வைத்தான். அடுத்து தாய்மாமா கை நீண்டது. அடுத்து பெரியம்மா. பொட்டலம் வரிசையாகக் கைமாறிப் போய், கடைசியில் ஜிப்பாக்காரரிடம் நின்றது. அவரும் எடுத்துக்கொண்டார்.